கூப்பிடுவினம் என்றார் கிளாக்கர்

கிளாக்கரின் மகனே, லைன் ஒன்றுகூடலுக்கு அச்சடித்து எங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய மலரின் முதல் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது பொய்.

"எங்கள் லைனில் வேலையில்லாதவர் என்று ஒருவரும் இருந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் எங்கள் தகப்பன்மாரின் பட்டியல் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நேரே "பிரதம லிகிதர்", அதாவது தலைமைக் கிளாக்கர். மற்றவர்களுக்கு நேரே அவரவர் தொழில். என் அப்பாவுக்கு நேரே "வீட்டோடு இருந்தவர்". ஒருவரும் வேலையில்லாமல் இருக்கவில்லை என்றால், என் அப்பா ஏன் வீட்டோடு இருந்தார்? இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் அச்சடித்திருக்கலாம்.

இதை அவருக்கு மட்டும் எழுதவில்லை. லைனில் பிறந்து வளர்ந்து, இந்த மலருக்குப் படம் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். எங்கள் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நான் முப்பது வருடம் பாலையூற்றில் சோற்றுப் பார்சல் கட்டி விற்றவள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

லைன் உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுக மதிலுக்கு வெளியே பன்னிரண்டு வீடுகள், ஒரே கூரை, ஒரு தண்ணீர்ப் பைப். குசினிச் சுவர் ஒன்றே என்பதால் அடுத்த வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். எல்லா வீடும் கம்பனி வீடு. எல்லா ஆண்களும் அந்தக் கம்பனியில் வேலை. கப்பல்கள் துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைத் தட்டையான பெரிய வத்தைகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். என் அப்பா அப்படி ஒரு வத்தையை நடத்திய தண்டையல்.

வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் இலக்கம் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று இருந்தது. காலையில் துறைமுக வாசல் கேற்றில் கொடுத்தால் கேற்காரர் அதைப் பலகையில் கொளுவுவார். மாலையில் திரும்பத் தருவார். கப்பல் வராத கிழமைகளில் வில்லை வீட்டில் ஆணியில் தொங்கும். அந்த வீட்டுக்காரரைப் பற்றி யாரும் கேட்டால் "அவருக்குக் கப்பல் இல்லை" என்று சொல்வார்கள். "வேலை இல்லை" என்று லைனில் யாரும் சொன்னதை நான் கேட்டதில்லை. கால் முறிந்து கிடந்தவருக்கும் கப்பல் இல்லை. குடித்துவிட்டுப் போய் இரண்டு நாள் திருப்பி அனுப்பப்பட்ட கடைசி வீட்டுக்காரருக்கும் கப்பல் இல்லை. பைப்படியில் அம்மா ஒரு நாள் சொன்னாள்: "அந்தாளுக்குக் கப்பல் இல்லையோ? போத்திலுக்குள்ள போய்ப் பாருங்கோ, நிக்கும்." கடைசி வீட்டுக்காரி உட்படச் சிரித்தார்கள்.

அந்தச் சொல்லில் வெட்கம் இருக்கவில்லை. கப்பல் வருவதும் வராததும் மனிதன் கையில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல சொல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயது நடந்த ஆண்டில் கச்சான் காற்று நேரத்தோடு தொடங்கிவிட்டது. தரைப்பக்கமிருந்து அடிக்கும் சூட்டுக் காற்று. கொடியில் போட்ட துணி பத்து நிமிடத்தில் காய்ந்து தகடாகிவிடும், சோற்றில் மணல் கடிபடும். கப்பல்கள் குறைந்திருந்தன. அம்மா என் தம்பியைப் பெற்று வீட்டில் கிடந்தாள். கதவில் பழைய சேலையைக் கட்டியிருந்தோம், காற்று உள்ளே வராமல். வீடு முழுக்க வேப்பிலையும் பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் காயச்சரக்கும் மணத்தது.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பத்தொரு நாள் முடியும்வரை கெட்ட செய்தி கொண்டுபோகக் கூடாது என்று லைனில் ஒரு கட்டுப்பாடு. தாய்க்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். அம்மாவின் பெரியப்பா தம்பலகாமத்தில் செத்துப்போனார். பிள்ளைக்கு அப்போது ஐந்து நாள். அப்பா செத்தவீட்டுக்குப் போய்வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டு, "வயல் பாக்கப் போனனான்" என்றார். பைப்படியில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதை யாரும் பொய் என்று எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

பன்னிரண்டாம் நாள் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில். அப்பா தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. லைனில் ஆங்கிலக் கடிதம் வந்தால் எல்லோரும் போவது கிளாக்கரிடம். ஆஸ்பத்திரித் துண்டு, கோட்டு வழக்குக் கடிதம், தந்தி எல்லாம் அவர் கையால்தான் எங்களுக்குத் தமிழாகும். காசு வாங்கமாட்டார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

நானும் அப்பாவோடு போனேன். கிளாக்கர் பிரம்புக் கதிரையில் இருந்தார். காதில் பென்சில். மேசையில் நீங்கள் கணக்குச் செய்துகொண்டிருந்தீர்கள். நீங்களும் நானும் ஒரே வகுப்பு.

கிளாக்கர் கடிதத்தை மனதுக்குள் வாசித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கடிதத்தில் ஏதோ கீறினார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு எத்தினை நாள்?" என்று கேட்டார்.

"இண்டைக்குப் பன்னிரண்டு."

"தாய் எப்பிடி?"

"சுகம்தான். பால்தான் கொஞ்சம் காணாது எண்டு மருத்துவிச்சி சொல்லுறா."

கிளாக்கர் கடிதத்தை மடித்தார். "ஒண்டுமில்லை. கப்பல் குறைவுதானே, கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைச்சிருக்கினம். கூப்பிடுவினம்."

"எப்ப கூப்பிடுவினமாம்?"

"அது போடேல்லை. கூப்பிடுவினம்."

அப்பா விடவில்லை. அதை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "ஐயா, நான் ஏதும் எழுதிக் குடுக்க வேணுமோ?" என்று கேட்டார்.

"இப்ப ஒண்டும் வேண்டாம். நீங்கள் வீட்டைப் பாருங்கோ" என்றார் கிளாக்கர்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தி உங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் திரும்பக் குனிந்துவிட்டீர்கள். உங்கள் அம்மா வெறுந்தேத்தண்ணியும் என் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தா. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வில்லையை ஆணியில் கொளுவினார். வெள்ளிக்கிழமைகளில் பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கினார். "கூப்பிட்டவுடன கொண்டு போறதுக்கு" என்றார்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் படிவம் ஒன்று தந்தார்கள். தந்தையின் பெயர், தந்தையின் தொழில். நான் தொழிலுக்கு நேரே "கப்பல் இல்லை" என்று எழுதினேன். எனக்கு அதுதான் சரியான பதில். ரீச்சர் டவுணில் இருந்து வருபவர், லைனின் கதை அவருக்குத் தெரியாது. படிவத்தைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

"எங்கட அப்பாவுக்கும் கப்பல் இல்லையடி. அவருக்குச் சைக்கிள்தான் இருக்கு."

பின் வரிசையிலிருந்து ஒருத்தி இதைச் சொல்ல வகுப்பே சிரித்தது. அடுத்த ஒரு வருடம் நீங்கள் என்னைக் "கப்பல்காரி" என்று கூப்பிட்டீர்கள். அதற்கு இப்போது கோபமில்லை. பத்து வயதுப் பொடியன் அப்படித்தான் கூப்பிடுவான்.

வீட்டில் அம்மா ஏசினாள். "தண்டையல் எண்டு எழுதினா என்ன? விரல் தேய்ஞ்சு போகுமோ உனக்கு?"

அப்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை எழுதினது சரிதானே. கப்பல் இல்லைத்தானே."

முப்பத்தோராம் நாள் வந்தது. வீடு கழுவி, தம்பிக்கு மொட்டை அடித்து, பயத்தம் பணியாரம் சுட்டோம். லைன் முழுக்க வந்தது. கிளாக்கர் மட்டும் சனம் போன பிறகு, பொழுதுபடுகிற நேரத்தில் வந்தார். வெளுத்த சேர்ட் போட்டிருந்தார். கதிரை நுனியில் இருந்தார். பிள்ளையின் நிறை என்ன என்று கேட்டார். பணியாரத்தைக் கையில் எடுத்து, கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தண்டையல், உங்களோட ஒரு கதை இருக்கு" என்றார்.

"ஐயா, எனக்கும் ஒரு கதை இருக்கு" என்று அப்பா முந்திக்கொண்டார். அவருக்குச் சந்தோசம். "நாளைக்குக் கோதுமை மாக்கப்பல் ஒண்டு வருதாம். கூப்பிடப் போகினம். நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

கிளாக்கர் பணியாரத்தைக் கதிரைக் கையில் வைத்தார். தம்பி அழுதான், அம்மா தூக்கினாள். "ஓம் ஓம். நல்லது" என்று சொல்லி எழுந்து போனார். அந்தப் பணியாரம் கதிரைக் கையில் அப்படியே இருந்தது. நான் எடுத்துத் தின்றேன்.

விடியும்போது கப்பல் ஊதியது. அப்பா மடிப்புக் கலையாத காக்கிக் காற்சட்டை போட்டார். வில்லையைச் சட்டைப்பையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டார். கேற் என் பள்ளிக்கூட வழியில் இருந்தது, அதனால் சேர்ந்து நடந்தோம். வழியெல்லாம் வேலிக் கிளிசறியாச் சருகு காற்றில் உருண்டு போனது.

கேற்காரர் இடாப்பைப் புரட்டினார். "அண்ணை, உங்கட பேர் இல்லை."

"மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. கூப்பிடுவினம் எண்டவை."

"ஆர் சொன்னது? உங்களை நிப்பாட்டி எத்தினை நாளாச்சு. அந்த வில்லையைத் தாங்கோ. நீங்கள் அண்டைக்கே கொண்டுவந்து தந்திருக்க வேணும்."

அப்பா கொடுக்கவில்லை. கை அப்படியே நீட்டியபடி நின்றது. கேற்காரர் உள்ளங்கையிலிருந்து வில்லையை எடுத்து மேசைக்குக் கீழே இருந்த பிஸ்கற் ரின்னுக்குள் போட்டார். உள்ளே வேறு வில்லைகளும் இருந்தன. அந்தச் சத்தத்தில் அது எனக்குத் தெரிந்தது.

அப்பாவோடு வத்தையில் வேலை செய்த முஸ்லிம் அண்ணர், கிண்ணியா நானா, அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார். அப்பாவைக் கண்டு திரும்பி வந்தார். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் கிடையாது. பாதை என்று சொல்கிற மிதவையில் ஆற்றைத் தாண்டித்தான் அவர் வேலைக்கு வருவார். ஒரு மாதமாக அவரை நாங்கள் காணவில்லை.

"தண்டையல், நீங்க எழுதிக் குடுக்கல்லியா?"

"என்னத்தை?"

"எனக்கும் அதே கடிதம்தான் வந்த. எங்கட ஊர் மாஸ்டர் வாசிச்சுப் பாத்துட்டு, 'நானா, வேல போயிட்டு. பதினாலு நாளைக்குள்ள எழுதிக் குடுத்தாத்தான் திருப்பிப் பாப்பாங்க, இல்லாட்டி முடிஞ்சி' எண்டு மூஞ்சிக்கு நேர சொன்னாரு. எனக்குத் தலை சுத்திட்டு. அண்டைக்கே எழுதிக் குடுத்தன். எழுதின ஆறு பேரையும் எடுத்திட்டாங்க. உங்களுக்கு ஆரு வாசிச்ச?"

அப்பா என்னைப் பார்த்து, "பள்ளிக்கு நேரமாச்சு. நட" என்றார்.

கிண்ணியாவின் மாஸ்டருக்கு நயமாகப் பேசத் தெரியாது. அதனால் கிண்ணியா நானா பென்சன் எடுக்கும்வரை துறைமுகத்தில் வேலை செய்தார். எங்களுக்கு வாசித்தவர் நல்ல மனிதர்.

அன்று மத்தியானம் அம்மா கத்தினது எட்டு வீட்டுக்குக் கேட்டிருக்கும். "போய்க் கேளுங்கோவன்! ஏன் எங்களுக்கு இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேளுங்கோ!"

"என்னத்தைக் கேக்கிறது" என்றார் அப்பா. "பிள்ளைப்பெத்த வீடு எண்டு சொல்லேல்லையாக்கும்."

"என்ர பால் வத்தினா மாப்பால் கரைச்சுக் குடுத்திருப்பன். வீடு போனா ஆர் கரைச்சுத் தாறது?"

அப்பா கேட்கப் போகவில்லை. பிறகு அவர் எழுதியும் கொடுத்தார், டவுணில் ஒருவரைப் பிடித்து. நாள் கடந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. மாரிக்கு முன் வீட்டை விட வேண்டும் என்று இன்னொரு கடிதம் வந்தது. அதைக் கிளாக்கரிடம் கொண்டுபோகவில்லை.

அதற்குப் பிறகு லைனின் வாய் மாறியது. ஆணியில் வில்லை இல்லாதவருக்குக் "கப்பல் இல்லை" என்று சொல்லமாட்டார்கள். அவர் "சும்மா நிற்கிறவர்". இதை யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. ஒரு கிழமைக்குள் பைப்படியில் அந்தச் சொல் வந்துவிட்டது.

"மனுசன் சும்மாதானே நிக்குது, சங்கக்கடைக் கியூவில எங்கட கூப்பனையும் சேத்து வைச்சிருக்கட்டுமன்."

"சும்மாதானே நிக்கிறியள் அண்ணை, பிள்ளையை ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோவன்."

அப்பா எல்லாவற்றையும் செய்தார். அந்த மூன்று மாதத்தில் லைனில் அவரைவிட அதிகம் வேலை செய்தவர் ஒருவருமில்லை. கதவுக்குப் பிணைச்சல் பூட்டினார், அடைத்த கழிவுநீர்க் கானைக் கிண்டினார், கடைசி வீட்டுக்காரரைக் கள்ளுத் தவறணையிலிருந்து தோளில் தூக்கி வந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வரும்போதும், தூக்கி வருகிறவர்தான் சும்மா நிற்கிறவர்.

உங்கள் குசினிக் கூரை ஒழுகியபோதும் உங்கள் அம்மா அவரைத்தான் கூப்பிட்டா. இரண்டு நாள் ஏறி நின்று தகடு மாற்றினார். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். கிளாக்கர் அந்த இரண்டு நாளும் கம்பனிக் கந்தோரிலிருந்து பிந்தி வந்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. "அந்த வீட்டுக் கூரையிலயோ ஏறினனீங்கள்?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை. நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

மழைக்கு முதல் ஒரு லொறியில் அலுமாரி, கட்டில், இரண்டு கதிரை ஏற்றிப் பாலையூற்றுக்குப் போனோம். அப்பா வேலி அடைத்தார், அறுவடைக்குத் தம்பலகாமத்தில் மூட்டை தூக்கினார், சீனன்குடாப் பக்கம் கட்டட வேலைக்குக் கல் உடைத்தார். கடலில் அதன்பிறகு இறங்கவில்லை. லைன் ஆட்கள் யாரும் டவுணில் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி: "அப்பா என்ன, இப்பவும் சும்மாதானோ?" நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். பஸ் நிலையத்தில், உங்களுக்கு உத்தியோகம் கிடைத்த கிழமை.

அப்பா செத்த பிறகு அவருடைய கடதாசிகளில் அந்த முதல் கடிதம் கிடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அகராதி வைத்துச் சொல் சொல்லாக வாசித்தேன். கிண்ணியா நானா கேற்றடியில் சொன்னது அப்படியே இருந்தது. சேவை முடிவுறுத்தப்படுகிறது. மேன்முறையீடு பதினான்கு நாட்களுக்குள். வில்லையை ஒப்படைக்கவும். நிப்பாட்டி வைத்திருக்கிறோம் என்று எந்த இடத்திலும் இல்லை. கூப்பிடுவோம் என்று எந்த இடத்திலும் இல்லை.

பதினான்கு நாட்கள் என்ற இடத்துக்குக் கீழே ஒரு பென்சில் கோடு இருந்தது. மெல்லிய கோடு. விரலால் தேய்த்தால் போய்விடும் என்று நான் இன்றுவரை அதைத் தொடவில்லை.

கிளாக்கரைப் பற்றி நான் கெட்டதாக எண்ணுகிறேனா என்று கேட்பீர்கள். அவர் பதினாலு நாள் எப்போது முடிகிறது என்று பார்க்கத்தான் கலண்டரைப் பார்த்தார், அதோடு பன்னிரண்டைக் கூட்டத்தான் பிள்ளைக்கு எத்தினை நாள் என்று கேட்டார். இருபத்தாறாம் நாள் முடிகிறது என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொன்று வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு சொல்ல வந்தார், சொல்ல ஏலாமல் போனார். இவ்வளவும் இப்போது எனக்கு விளங்குகிறது. ஆனால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தனியாக, கடற்கரையில் வைத்து, அவர் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். பிள்ளை பெற்றது அம்மா. அப்பாவுக்குப் பால் வற்றாது.

என் மகன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தவன். போன சீசன் முடிய அனுப்பிவிட்டார்கள். "பிரேக்கில நிக்கிறன் அம்மா" என்றான். அது என்ன என்று கேட்டேன். "திரும்பக் கூப்பிடுவினம்" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டவுடன், "எழுத்தில வாங்கிக்கொண்டு வா. இல்லாட்டி வேலை போட்டுது எண்டு வாயால சொல்லிப் போட்டு வேற இடம் தேடு" என்று ஏசினேன். அவன் முகம் கறுத்தது. "நீங்கள் எல்லாத்தையும் வெட்டொண்டு துண்டு ரெண்டாக் கதைக்கிறியள்" என்றான். ஓம், அப்படித்தான் கதைக்கிறேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு ஹோட்டலில் கேட்டுப் போனான்.

கிளாக்கரின் மகனே, வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறையில் மண்டபத்தில் எல்லோரும் கூடுகிறோம். மலரை நீங்கள் வெளியிடப் போகிறீர்கள். நான் முன் வரிசையில் இருப்பேன். கடிதத்தைக் கொண்டுவருவேன். உங்களுக்கு உங்கள் அப்பாவைவிட நல்ல ஆங்கிலம். அதைக் கையில் எடுத்து, ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஒரு சொல்லும் விடாமல் தமிழில் வாசியுங்கள். எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைப்பேறு ஒன்றும் இல்லை.

பிறகு இதற்குப் பதில் சொல்லுங்கள். நாங்கள் போன பிறகு அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன கதைத்தார்கள்? அந்தக் கடிதத்தில் இருந்தது உங்கள் அப்பாவுக்கு விளங்கியதா, இல்லையா? விளங்கியது என்றால், பட்டியலில் என் அப்பாவுக்கு நேரே இருப்பதை வெட்டி, "தண்டையல், வேலை பறிக்கப்பட்டவர்" என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

பிறகு பார்ப்போம், கமிற்றி கூடும், அறிவிப்போம் என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பதிலை நாங்கள் ஒருமுறை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறோம்.